பள்ளியில் இயற்கை விளையாட்டுக்களம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி வளாகத்தில் மண்மேடு, மரக்கட்டை, மணல், செடிகொடி என்று ஒரு விளையாட்டுக்களம் அமைக்கலாமா என்று பேச்செடுத்தால், எந்தக் கூட்டத்திலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் எழுகின்றன. பெற்றோரின் கவலை ஒன்று, ஆசிரியரின் கவலை வேறு, நிர்வாகத்தின் கவலை இன்னொன்று. எல்லாமே நியாயமான சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்து, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

இயற்கை விளையாட்டுக்களம் என்றால் என்ன? நாலு மரம் நட்டு பெஞ்ச் போட்டால் அதுதானா?

அது பூங்கா. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு அங்கே செய்ய வேலை இருக்காது. இயற்கை விளையாட்டுக்களத்தில் ஏற மேடு, தோண்ட மண், ஒளிந்துகொள்ளப் புதர், தாண்டக் கட்டை, தேக்கி உடைத்துவிடத் தண்ணீர் எல்லாம் உண்டு. முக்கியமாக, தூக்கி நகர்த்தக்கூடிய பொருட்கள் வேண்டும்: குச்சி, கூழாங்கல், பலகை, கயிறு, தேங்காய்ச் சிரட்டை, காய்ந்த விதைகள். இன்றைக்குக் கப்பலாக இருந்த பலகை நாளைக்குக் கடையாக மாற வேண்டும்.

இது புதிய யோசனை இல்லை. டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் சோரன்சன், பிள்ளைகள் சீரான பூங்காக்களைவிடக் கட்டுமானம் நடக்கும் இடங்களில்தான் ஈடுபாட்டோடு விளையாடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். 1943-ல் கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரப்பில், பழைய கட்டைகளும் கற்களும் மண்ணும் நிறைந்த ஒரு களம் அவர் யோசனைப்படி உருவானது. கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971-ல் இதையே இன்னொரு கோணத்தில் சொன்னார்: ஓர் இடத்தில் மாற்றிப் பார்க்கக் கிடைக்கும் பொருட்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குக் கற்பனையும் கண்டுபிடிப்பும் அங்கே நடக்கும்.

அப்படியானால் இருக்கிற ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் பிடுங்கிவிட வேண்டுமா?

வேண்டாம். உறுதியாக இருந்தால் அப்படியே விடுங்கள். சறுக்குமரத்தை இரும்புக் கால்களிலிருந்து எடுத்து ஒரு மண்மேட்டின் சரிவில் பதித்துவிட்டால், உயரத்திலிருந்து விழும் பயம் பெரும்பாலும் போய்விடும். துருப்பிடித்தது, ஆடுவது, கூர்முனை தெரிவது எதையும் மட்டும் விட்டுவைக்க வேண்டாம்.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை சும்மா ஆசைக்குச் சொல்கிறீர்களா?

உண்டு. பின்லாந்தில் சில பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களின் சரளைக்கல் முற்றங்களில் காட்டுத்தரையையும் புல்லையும் கொண்டுவந்து பதித்தார்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 28 நாட்கள் அதில் விளையாடினார்கள். அவர்கள் தோலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களின் வகை கூடியது; நோய் எதிர்ப்பு மண்டலம் சீராக இயங்குவதற்கான அறிகுறிகளும் இரத்தப் பரிசோதனையில் தெரிந்தன. இது 2020-ல் வெளியான ஆய்வு.

கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சோவில், முதல் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொரு பள்ளிநாளும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 விழுக்காடு. அங்கே பலன் தந்தது வெளியில் இருந்த நேரம்தான், மண்மேடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வெயில் கொளுத்தும் வெற்றுத் திடலில் எந்தப் பிள்ளையும் விரும்பி நிற்காது. நிழலும் செய்ய ஏதாவதும் இருந்தால்தான் அந்த 40 நிமிடம் சாத்தியம்.

எங்கள் பள்ளியில் இடமே இல்லையே?

ஒரு வகுப்பறை அளவு இடம் போதும். கட்டடத்துக்குப் பின்னால் யாரும் போகாத மூலை, சுற்றுச்சுவர் ஓரமாக ஓடும் நீளமான துண்டு நிலம், ஏற்கெனவே நிற்கும் ஒரு பெரிய மரத்தடி, இவற்றில் ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருக்கும். சிமென்ட் தளம் என்றால் ஒரு பகுதியை மட்டும் பெயர்த்தெடுக்கலாம். சிறிய இடமாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு: பராமரிப்பு கைக்குள் அடங்கும். பெரிய திடல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு மூலையில் ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, முதல் வேலை என்ன? வரைபடம் போடுவதா?

முதல் வேலை இடத்தைப் பார்ப்பது. மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வெயில் நாளில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவையுங்கள். மணல்குழி நிழலில் வர வேண்டும். மேடு தண்ணீரின் வழியை மறிக்கக் கூடாது. மறித்தால் வகுப்பறைக்குள் வெள்ளம் வரும்.

அப்புறம், இடைவேளையில் பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தள்ளி நின்று கவனியுங்கள். படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் ஏறுகிறார்களா, தண்ணீர்க் குழாயடியில் சேறு குழைக்கிறார்களா, வேலி ஓரத்து இடுக்கில் இரண்டு பேர் உட்கார்ந்து ரகசியம் பேசுகிறார்களா? களத்தில் என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் அங்கேயே இருக்கிறது. பூமிக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர்த் தொட்டி எங்கே என்று தெரியாமல் கடப்பாரையைத் தொடவே வேண்டாம். பழைய கட்டடம் இடிந்த இடமாகவோ, முன்பு பட்டறை இருந்த இடமாகவோ இருந்தால், மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பிள்ளைகளிடம் கேட்டால் நீச்சல்குளமும் ரோலர் கோஸ்டரும் கேட்பார்கள். அவர்களைக் கேட்கத்தான் வேண்டுமா?

கண்டிப்பாக. "என்ன வேண்டும்?" என்று கேட்டால் அப்படித்தான் பதில் வரும். "என்ன செய்யப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். நீச்சல்குளம் கேட்ட பிள்ளைக்குத் தண்ணீரில் அளைய ஆசை. அதை ஒரு கைப்பம்பும் சின்ன வாய்க்காலும் தீர்த்துவிடும். ரோலர் கோஸ்டர் கேட்ட பிள்ளைக்கு வேகம் வேண்டும். அதற்குச் சரிவு இருக்கிறது. களிமண்ணில் மாதிரி செய்யச் சொன்னால் வாயால் சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைகளும் காட்டிவிடுவார்கள். கேட்டுவிட்டு ஒன்றையும் செய்யாமல் இருப்பதுதான் கேட்காமல் இருப்பதைவிட மோசம். அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது முதல் மாதத்திலேயே செய்து காட்டுங்கள்.

யாராவது விழுந்து கை காலை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு?

கூட்டங்களில் குரல் உயர்வது இந்த இடத்தில்தான். இரண்டு வகை ஆபத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டையின் மேல் நடந்தால் விழலாம் என்பது பிள்ளைக்கே தெரிகிறது. காலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்து, கையை விரித்து, வேண்டாம் என்று தோன்றினால் இறங்கிவிடுகிறது. இது கணித்து எடுக்கும் துணிவு. இதைக் களத்திலிருந்து எடுத்துவிட்டால் பிள்ளை கற்க ஒன்றும் மிஞ்சாது. அதே கட்டை உள்ளே உளுத்திருந்தால் அது பிள்ளைக்குத் தெரியாது. நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, தலை மாட்டும் இடுக்கு, ஆடும் கல், கண்ணாடித் துண்டு எல்லாமே இப்படி மறைந்திருக்கும் ஆபத்துகள். இவற்றை நீக்குவது முழுக்க முழுக்கப் பெரியவர்களின் கடமை.

ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு தாள் எழுதுங்கள்: இதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது, என்ன அடிபட வாய்ப்பு, அதைக் குறைக்க என்ன செய்திருக்கிறோம், யார் எப்போது சோதிக்கிறார்கள். நிர்வாகத்தின் ஒப்புதலும் காப்பீட்டு நிறுவனத்தின் பதிலும் எழுத்தில் இருக்கட்டும். சட்டப் பொறுப்பு இடத்துக்கு இடம் மாறுவதால், அதை வேலை தொடங்குமுன் பள்ளியின் சட்ட ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். யோசித்துத்தான் செய்தோம் என்று காட்டும் காகிதம் பின்னால் எல்லோருக்கும் துணை. பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: சிராய்ப்பு வரும், வீக்கம் வரும், எலும்பு முறிவுகூட எப்போதாவது வரலாம். உயிருக்கோ நிரந்தர ஊனத்துக்கோ வழிவிடும் எதையும் வைக்க மாட்டோம்.

எவ்வளவு உயரம் வரை வைக்கலாம்? கீழே என்ன போடுவது?

ஐரோப்பிய விளையாட்டுக்கருவித் தரவிதிகள் விழும் உயரத்துக்கு 3 மீட்டரை உச்சவரம்பாக வைக்கின்றன. முதன்முதலாகச் செய்யும் பள்ளி ஒன்றரை மீட்டரைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல புல்தரை 1 மீட்டர் வரை தாங்கும். அதற்கு மேல் என்றால் பொடிக்கல் கலக்காத தளர்வான மணலோ மரச்சீவலோ வேண்டும்: 2 மீட்டர் வரைக்கும் 20 சென்டிமீட்டர் ஆழம், காலால் கலைவதை ஈடுகட்ட இன்னும் 10. ஆக 30. ஏறும் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஒன்றரை மீட்டர் தூரத்துக்குக் கல், கட்டை, வேர் எதுவும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது.

இன்னொரு அளவையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சுற்றிலும் அடைபட்ட எந்த இடைவெளியும் 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்கக் கூடாது. பிள்ளையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. கயிற்றில் தொங்கும் சுருக்கு, கழுத்தில் துணியோடு ஏறுவது இரண்டும் கழுத்தை நெரிக்கும். இவற்றுக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

பழைய டயரும் ரயில் தண்டவாளக் கட்டையும் இலவசமாகத் தருகிறார்களே, வாங்கிக்கொள்ளலாமா?

தண்டவாளக் கட்டை வேண்டாம். அது மக்காமல் இருக்க ஊற்றியிருக்கும் கரியெண்ணெய் தோலுக்கும் உடலுக்கும் கேடு. வெயிலில் கசிந்து கையில் ஒட்டும். மக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பழைய பச்சை நிறக் கட்டைகளில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கலாம். அமெரிக்காவில் 2003-ம் ஆண்டு முடிவோடு வீட்டுக்கும் விளையாட்டுக்களத்துக்கும் அதை விற்பதை நிறுத்தினார்கள். டயர் என்றால் உள்ளேயிருக்கும் எஃகுக் கம்பி வெளியே தெரிகிறதா என்று பார்த்து, மழைநீர் தேங்காதபடி நிறைய ஓட்டை போட்டுத்தான் வைக்க வேண்டும். அவ்வளவு பாடுபடுவதற்குக் கட்டையே மேல்.

காற்றில் விழுந்த மரம், சாலை விரிவாக்கத்தில் வெட்டிய மரம், இவைதான் நல்ல வரவு. பட்டையை உரித்துவிடுங்கள், பட்டைக்கு அடியில்தான் ஈரமும் கரையானும் சேரும். முனைகளை மழுக்கி, தரையோடு நேரடியாக ஒட்டாமல் சரளைக்கல் படுக்கையின் மேல் உருளாதபடி பதியுங்கள். கம்பமாக நடுகிறீர்கள் என்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும். எப்படி வைத்தாலும் மரம் ஒருநாள் மக்கும். அதை நஷ்டமாக நினைக்க வேண்டாம். மக்கும் கட்டையை ஒரு ஓரத்தில் உருட்டிவைத்தால், அடியில் மரவட்டையும் வண்டுப்புழுவும் பார்க்கப் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்துவிடுவார்கள்.

என்ன செடி நடலாம்? எதை நடக் கூடாது?

கூடாததை முதலில் சொல்கிறேன். அரளி, ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு, எருக்கு, பால் வடியும் கள்ளிகள். குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் கலந்த விதை பிள்ளைகளை இழுக்கும். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அரளி அழகுக்காகப் பல வளாகங்களில் ஏற்கெனவே நிற்கும், அதனால் புதிதாக நடுவதை மட்டும் பார்த்தால் போதாது. இருப்பதையும் சுற்றிப் பாருங்கள்.

நடுவதற்கு, அந்தந்த மண்ணில் தானாக வளர்வதுதான் முதல் தேர்வு. மிதித்தாலும் ஒடித்தாலும் மறுபடி துளிர்க்கும் புதர்கள், மணக்கும் இலைகள், வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடிகள், உயரமான புல். கன்றுகளை முதல் இரண்டு ஆண்டாவது வேலி கட்டிக் காக்க வேண்டும். ஏற்கெனவே நிற்கும் பெரிய மரத்தின் அடியில் மட்டும் மண்ணைக் கொட்டி மேடாக்காதீர்கள். மூச்சுவிடும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மண் மூடினால் சில ஆண்டுகளில் மரம் மெல்லப் பட்டுப்போகும். நிழலுக்காக நம்பியிருந்த மரம் அப்படிப் போனால் ஈடே கிடையாது.

பாம்பு, தேள், கொசு எல்லாம் வந்துவிடாதா?

பாம்பு எலியைத் தேடியும் இடுக்கைத் தேடியும் வருகிறது. சாப்பாட்டு மிச்சம் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் எலி வராது. கற்களைச் சும்மா குவித்துவைக்காமல், இடைவெளியை மண்ணால் இறுக்கி அடையுங்கள். கட்டைகளை அடுக்காமல் தனித்தனியாகப் போடுங்கள். நடமாடும் பாதையின் இருபுறமும் புல் குட்டையாக இருக்கட்டும். உயர்ந்த புல் தள்ளி ஒரு திட்டாக வளரட்டும். காலையில் பிள்ளைகள் வருமுன் ஒரு பெரியவர் நீளமான குச்சியோடு ஒரு சுற்று வந்துவிட வேண்டும். கையை நுழைக்குமுன் கண்ணால் பார் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பழக்குங்கள்.

கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆக, தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிக் காயவிட்டால் அங்கே கொசு பிறக்காது.

மணலும் தண்ணீரும் வைத்தால் ஒரே அசிங்கமாகிவிடாதா? முழுகிவிட மாட்டார்களா?

குளம் வேண்டாம். சில அங்குலத் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூச்சுத் திணறிவிடும். பம்பை அடித்தால் வரும், வாய்க்காலில் ஓடும், சரளைக்குள் வடிந்துபோகும் என்கிற ஓடும் தண்ணீர்தான் சரி. பிள்ளை கையால் அடித்துத்தான் தண்ணீர் வர வேண்டும் என்றால் வீணாவதும் குறையும். பம்புக்கு ஒருவர், வாய்க்காலுக்கு ஒருவர், அணை கட்ட நாலு பேர் என்று அவர்களே வேலையைப் பிரித்துக்கொள்வதும் நடக்கும்.

மணல்குழியின் அடியில் சரளை போட்டு வடிகால் விடுங்கள். இரவில் பூனை வந்து அசிங்கம் செய்யும். அதன் மூலம் புழுத்தொற்று வரலாம். அதனால் பள்ளி முடிந்ததும் வலையாலோ தார்ப்பாயாலோ மூட வேண்டும். அவ்வப்போது கிளறிக் காயவிட வேண்டும். பக்கத்திலேயே கைகழுவும் குழாய் இருக்கட்டும்.

துணியெல்லாம் அழுக்காகுமே?

ஆகும். ஒரு மாற்றுத்துணி பையில் இருக்கட்டும்.

பணத்துக்கு எங்கே போவது?

பணம் கேட்பதற்கு முன் பொருளையும் வேலையையும் கேளுங்கள். "நன்கொடை தாருங்கள்" என்றால் பொதுவாகத் தலையாட்டுவார்கள். "ஒரு லாரி மண் வேண்டும், சனிக்கிழமை காலை வேண்டும்" என்றால் யாராவது ஒருவருக்கு அஸ்திவாரம் தோண்டும் ஆளைத் தெரிந்திருக்கும். பெற்றோரிடம் ஒரு தாள் அனுப்பி, கையில் என்ன தொழில், வீட்டில் என்ன கருவி, எத்தனை மணி நேரம் தர முடியும் என்று எழுதி வாங்குங்கள். தச்சர், கொத்தனார், மண் அள்ளும் வண்டி ஓட்டுபவர், நாற்றங்கால் வைத்திருப்பவர், செவிலியர் எல்லாரும் பெற்றோரிலேயே இருப்பார்கள். தாத்தா பாட்டிகளை மறக்க வேண்டாம். கயிறு திரிக்கவும் முடிச்சுப் போடவும் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

காசு கொடுத்தே ஆக வேண்டியவை சில உண்டு: விழும் இடத்து மணலும் சீவலும், நல்ல கயிறு, பம்பு, கடைசியாகத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு செய்யும் பாதுகாப்புச் சோதனை. இவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். வந்த பொருளும் செலவான காசும் அறிவிப்புப் பலகையில் எல்லார் கண்ணிலும் படட்டும். கணக்கு மூடியிருந்தால் அடுத்த முறை கை நீளாது.

கூட்டுவேலை நாளுக்கு ஆளே வரவில்லை என்றால்? வந்தவர்களும் சும்மா நின்றால்?

வந்தவர்கள் சும்மா நிற்பது அவர்கள் தவறில்லை. ஐம்பது பேரும் பத்து மண்வெட்டியும் இருந்தால் நாற்பது பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், தேவையான கருவி, ஆள் எண்ணிக்கை என்று முந்தின நாளே எழுதி ஒட்டிவையுங்கள். மேட்டுக்கு மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல், அரையடிக்கும் சற்றுக் கூடுதலாக ஒவ்வோர் அடுக்காகப் பரப்பி, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். இது ஆள் பலம் கேட்கும் வேலை, யாரும் செய்யலாம். பட்டை உரிப்பது, கன்று நடுவது, சீவல் பரப்புவது பிள்ளைகளும் கூடச் செய்யும் வேலை. சக்தியான இயந்திரங்கள் ஓடும்போது மட்டும் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

மண் அள்ள முடியாதவர்களுக்கும் வேலை வையுங்கள்: பெயர் பதிவு, தண்ணீர், முதலுதவி, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. காலையில் ஆரம்பித்து மதியத்தோடு முடியுங்கள். அன்றைக்கே ஏதாவது ஒன்று பிள்ளைகள் ஏறி விளையாடும்படி முடிந்திருக்க வேண்டும். தான் சுமந்த மண்ணில் தன் பிள்ளை உருண்டு வருவதைப் பார்த்தவர் அடுத்த முறை கூப்பிடாமலே வருவார்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு இங்கே என்ன இருக்கிறது?

கடைசியில் யோசித்தால் ஒன்றும் இருக்காது. அதனால் வரைபடத்திலேயே சேருங்கள். ஒன்றரை மீட்டர் அகலத்தில் இறுக்கமான மண்பாதை எல்லா முக்கிய இடத்தையும் தொட வேண்டும். ஏற்றம் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி உயரத்தைத் தாண்டக் கூடாது. மணலை மேசை உயரத் தொட்டியிலும் வையுங்கள். பம்பின் பிடி உட்கார்ந்தபடி எட்ட வேண்டும். தளர்மணலிலும் சீவலிலும் சக்கரம் புதையும் என்பதால், மேலே சொன்ன விழும் இடங்கள் பாதைக்குக் குறுக்கே வராமல் பாருங்கள். பார்வை இல்லாத பிள்ளைக்கு வழிகாட்டும் கயிறும் இலையின் மணமும் உதவும். இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு ஒரு புதர்க்குகை பெரிய நிம்மதி.

இத்தனை பேரை ஒரே நேரத்தில் யார் கண்காணிப்பது? நாங்கள் ஆசிரியர்களா, காவலாளிகளா?

பெரியவர்கள் நின்று பார்க்கும் இடங்களை வடிவமைக்கும்போதே குறித்துவிட வேண்டும். புதர்க்குகையின் உள்ளே இருப்பவருக்கு ஒளிந்திருப்பதாகத் தோன்ற வேண்டும். வெளியே நிற்பவருக்கு முழங்கால் உயரத்தில் கால்கள் தெரிய வேண்டும். அடிக்கிளைகளைக் கழித்துவிட்டாலே போதும். விதிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம், பிள்ளைகளே உருவாக்கட்டும். ஆரம்ப வாரங்களில் வகுப்பு வகுப்பாக விடுங்கள். "பார்த்து, விழுந்துடுவே" என்று கத்துவதற்குப் பதில் "அடுத்த காலை எங்கே வைக்கப்போறே?" என்று கேட்டால் பிள்ளையின் கவனம் காலுக்குப் போகும்.

பக்கத்துப் பள்ளியில் ஆரவாரமாகத் திறந்தார்கள், ஒரே வருடத்தில் புதர் மண்டிவிட்டதே?

கட்டுவதற்கு ஆள் சேர்த்தவர்கள் பார்த்துக்கொள்வதற்கு ஆள் சேர்க்கவில்லை என்றால் அப்படித்தான் ஆகும். என்னைக் கேட்டால், ஊரின் உதவி முக்கியமாகத் தேவைப்படுவது இரண்டாம் ஆண்டில். யார் பராமரிப்பது என்று எழுதி முடிவாகும் வரை ஒரு கூடை மண்ணைக்கூட வெட்ட வேண்டாம்.

தினமும் காலைச் சுற்று. வாரம் ஒருமுறை தண்ணீர் கொட்டுதல், கட்டைகளை அசைத்துப் பார்த்தல். மாதம் ஒருமுறை முடிச்சு, ஆணி, சீவலின் ஆழம். பருவத்துக்கு ஒருமுறை கூட்டுவேலை நாள். ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் சோதனை. சீவல் மக்கிக் குறைந்துகொண்டே போகும் என்பதால் அதை நிரப்ப ஆண்டுச் செலவில் தனியாக ஒதுக்க வேண்டும். மேட்டில் பிள்ளைகள் ஏறும் தடத்தில் புல் நிற்காது. மறுபடி மறுபடி புல் பதிப்பதைவிட, அந்தத் தடத்திலேயே படிகள் பதித்துவிடுவது நல்லது.

ஆரம்பித்து வைத்தவர் பள்ளியை விட்டுப் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடுமே?

ஒவ்வொரு பொறுப்பிலும் இரண்டு பேரை வையுங்கள். ஒருவருடைய பிள்ளை சின்ன வகுப்பில் படிப்பதாக இருக்கட்டும். புதிதாகச் சேரும் பெற்றோருக்கு முதல் கூட்டத்திலேயே களத்தைச் சுற்றிக் காட்டி, பிடித்த வேலைக்குப் பெயர் வாங்கிவிடுங்கள். கூடவே ஒரு தடித்த நோட்டும் வேண்டும். குழாய் எங்கே போகிறது, எந்தக் கட்டை எப்போது வைத்தது, எந்தச் செடி எங்கிருந்து வந்தது, மண்ணும் சீவலும் யார் கொடுத்தார்கள், கடைசிச் சோதனை எப்போது, யாருக்கு எங்கே அடிபட்டது, அதற்கு என்ன மாற்றினோம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். அசல் தலைமை ஆசிரியரின் அலமாரியில், நகல் பராமரிப்புப் பொறுப்பாளரிடம்.